பூட்டிய வீட்டின் பதில்

கிராம சபைக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று கணிக்கும் கணித மாதிரி ஒன்றை முனைவர் பட்டத்துக்காக உருவாக்கியிருந்தேன். அதைச் சோதிக்க உடுமலைப்பேட்டைப் பக்கம் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்தேன். ஒரு வீட்டில் மட்டும் மூன்று முறை போயும் அதே பித்தளைப் பூட்டு. எரிச்சலில், அந்தக் கணித மாதிரி கணித்தபடி 'போவதில்லை' என்று நானே நிரப்பினேன். காரணத்தையும் இட்டுக்கட்டினேன்: 'அங்கே பேசினால் என் குரல் எனக்கே கேட்பதில்லை.'

மறுசரிபார்ப்புக்குப் பேராசிரியர் அந்த வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். இந்த முறை கதவு திறந்திருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், கிராம சபைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

அவர் நிமிரவே இல்லை. "போறதில்லீங்க. அங்க பேசுனா என்ற கொரலு எனக்கே கேக்கறதில்லீங்க. போன தடவ வந்தப்பவே சொன்னனுங்களே, நீங்களும் எழுதிக்கிட்டீங்களே."