ஒரு மடி கொழுந்து

தேயிலைக் கொழுந்தை விரலிடுக்கில் வைத்துக் கசக்கினால் முதலில் பச்சைப்புல் வாசம்தான் வரும். கொஞ்சம் பொறுத்தால் அதற்குள்ளிருந்து பழுக்கத் தொடங்கிய கொய்யாப்பழம்போல ஓர் இனிப்பு வாசம் கிளம்பும். பிறகு விரல் நுனி கறுத்துப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. எங்கள் சின்ன வயதில் ஒரு பாட்டு நல்ல பாட்டா, சும்மா பாட்டா என்று தீர்ப்புச் சொன்னது அந்தக் கறுத்த விரல்கள்தான்.

இதை ஏன் இப்போது சொல்ல உட்கார்ந்தேன் என்றால், மலையாளத்துக் கழக்கூட்டத்தில் நான் சமையல் செய்கிற பிளாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான்கு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டைப் போனில் போடுவார்கள். சினிமாவில் வந்த பாட்டு கூடாது, ஊரெல்லாம் கேட்ட பாட்டு கூடாது, எங்கேயோ ஒரு மூலையில் யாரோ தானே எழுதித் தானே பாடி ஏற்றிவிட்டிருக்க வேண்டும், அதை இவள் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். மற்ற மூவரும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று சொல்ல, அதற்கொரு சண்டை நடக்கும். நான் தயிர்க் கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இது புதுசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், இருக்கட்டும்.

பொன்முடி மலையில் எங்கள் எஸ்டேட்டில் இரண்டு லயம் இருந்தது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. நான் மேல்லயத்துக்காரி. அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா செல்லத்தாய் கொழுந்து கிள்ளித்தான் என்னை வளர்த்தாள். மலையில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை வாங்குகிற கங்காணி பேரை வெட்டிவிட்டால் அன்று மாலையே பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு பாட்டுக்காகவா இவ்வளவு பயந்தாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஓடையில் துவைத்துத் தர, பெண்பிள்ளைகள் நாங்கள் நாலாம் நம்பர் தேயிலை மலைக்குப் பக்கத்துப் பாறையில் துணியை விரித்துவிட்டுக் காற்று அடித்துப் போகாமல் காவல் இருப்போம். அங்கேதான் எங்கள் பாட்டுக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். சினிமாப் பாட்டு, கோயில் ஸ்பீக்கரில் வந்தது, சர்ச்சில் பாடுவது எதுவும் ஆகாது. பாடுவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து "எந்த வாய்?" என்று கேட்பார்கள், யார் வாயிலிருந்து வந்த பாட்டு என்று சொல்லியாக வேண்டும். "ரோடு போட வந்த வள்ளியூர்க்காரர் வாய்", "ஏழாம் வீட்டுப் புதுப் பொண்ணு வாய்", "அலுமினியப் பாத்திரக்காரர் வாய்" என்று வரும். பாடி முடித்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பாடினவள் மடியில் ஓர் இலை வைப்பார்கள். இரண்டு இலையும் நடுவில் மொட்டும் சேர்ந்த கொழுந்து வைத்தால் அதற்கு மேல் மரியாதை கிடையாது. ஒற்றை இலை என்றால் பரவாயில்லை. தடித்துப்போன "முத்தல்" வைத்தால் பாட்டு தேறவில்லை. முத்தல் வைப்பவள் முகத்தைப் பார்த்து வைக்க வேண்டும், ஏன் என்று கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும். "கதை பாதியில நிக்குது" என்பாள் ஒருத்தி, "ராகம் இழுபடுது, நீ மூக்கால பாடுத" என்பாள் இன்னொருத்தி. சும்மா பிடிக்கவில்லை என்றால் செல்லாது.

கீழ்லயத்து ரோசம்மாதான் எங்களில் கெட்டிக்காரி. அவள் மாமன் லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போய்வந்ததால் வாரத்துக்கொரு புதுப்பாட்டு அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அப்படி யார் இருந்தார்கள்? ஒரு வாரம் நான் பாடி முடித்ததும் அவள் முத்தலாகப் பார்த்துப் பறித்து வந்து, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டி, "ஏட்டி பாக்கியம், உனக்குன்னு ஒரு வாய் கெடையாதாட்டி? போன மாசம் நான் பாடுனதயே தலையத் திருப்பி வச்சுக் கொண்டாந்திருக்கியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன், சிரித்தால் பொறுக்க மாட்டேன், இன்றைக்கும் அப்படித்தான்.

என்னிடம் ஒரு வாய் இருந்தது. அம்மா பாட்டுக் கட்டுவாள். விறகு பிளக்கும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் உதடு மட்டும் அசைகிற மாதிரி முணுமுணுப்பாள், நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து பிடித்துக்கொள்வேன். வெளியே பாடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்த பாட்டைத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாறைக்குக் கொண்டுபோனேன். "எந்த வாய்?" என்றார்கள். "கேட்டுட்டு அப்பறம் கேளுங்க" என்றேன். "வாய் சொல்லாத பாட்டுக்கு எலை கெடையாது" என்று ரோசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பாடினேன். மழைக்காலத்து அட்டை ஒன்று மலை முழுக்க ஊர்ந்து ஒவ்வொருவர் காலிலும் ஏறி ருசி பார்க்கிற கதை அது.

மழை பேஞ்ச மலையில ஊர்ந்து வந்த அட்டை
மாரியக்கா காலேறிக் குடிச்சுதாம் ஒரு சொட்டு
உப்புமில்ல ஒறப்புமில்ல கஞ்சித்தண்ணி ரெத்தமின்னு
ஒதட்டத் தொடச்சுக்கிட்டு எறங்கிப் போச்சு அட்டை

இப்படியே கடைக்காரர் கால், பூசாரி கால் என்று போய், கடைசியில் இது வரும்:

கங்காணி காலேறிக் கடிச்சு வச்ச அட்டை
கண்ணு ரெண்டும் பிதுங்கிப்போய்க் கவுந்து விழுந்துச்சாம்
பத்துப் பேரு ரெத்தமெல்லாம் ஒத்தக் காலில் இருந்ததால
பாவப்பட்ட அட்டைக்கு வயிறு வெடிச்சுச்சாம்

ரோசம்மாதான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் புரண்டாள். எழுந்தவள் நேரே நாலாம் நம்பர் மலைக்குள் ஓடி இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக்கொண்டு வந்து என் மடியில் கொட்டினாள். அவளைப் பார்த்து எல்லோரும் ஓடினார்கள். ஆளுக்கு ஓர் இலை என்கிற சட்டம் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. வாய் சொல்லச் சொல்லி மறுபடி கேட்கவும் இல்லை. மடி நிறைந்து வழிந்தது. அந்த மலையில் அப்படி ஒரு மதிப்பு வாங்கின பாட்டு அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் இலைகளைப் பாறையிலிருந்து கீழே உதறிவிட்டு வருவோம். எனக்கு உதற மனசு வரவில்லை. அம்மாவின் பழைய துண்டில் மூட்டையாகக் கட்டி, வீட்டில் விறகுக்குப் பின்னால் வைத்தேன். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா, வீட்டில் பச்சைக் கொழுந்து இருந்தால் அதற்குப் பேர் திருட்டு என்று? தெரியும். ஆனால் அது என் கண்ணுக்குத் தேயிலையாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை அந்த மலையில் கொழுந்து கிள்ளும் முறை. பாறையோரத்துச் செடி நிரை மொட்டையாக நிற்பதைப் பார்த்த தங்கையா கங்காணி காவல்காரரை லயத்துக்கு விரட்டினார், மூட்டை பிடிபட்டது. வேலைக்குப் பேர் கூப்பிடுகிற "பெரட்டு"க்களத்தில், எல்லோருக்கும் நடுவில், அம்மாவின் துண்டை அவிழ்த்து உதறினார். கொழுந்து வாடிக் கறுத்திருந்தது.

"செல்லத்தாயி, ஞாயித்துக்கெழம உனக்கு மட்டும் தனியா மலையத் தொறந்து விட்டேனா?" என்றார்.

"நான் எடுக்கலங்க" என்றாள் அம்மா.

"துண்டு நடந்து போயி எடுத்துச்சாக்கும். பேர வெட்டுதேன். சாயங்காலத்துக்குள்ள வீடு காலியாகணும்."

நான் முன்னால் போய் நின்று, அது நான் பாட்டுக்கு வாங்கின கொழுந்து என்றேன். கங்காணிக்குப் புரியவில்லை. இலை வைக்கிற முறையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் ரோசம்மாவைப் பார்க்க, அவள் தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே, "உள்ளதுதான் கங்காணி, நாங்கதான் கிள்ளிப் போட்டோம்" என்றாள். கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது, என்னதான் பாட்டு என்று.

"பாடு, கேப்போம்."

மாரியக்கா கால், கடைக்காரர் கால், பூசாரி கால் வரைக்கும் பாடி நிறுத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பொய்" என்றார் கங்காணி. "இருபது வருசமா எலையப் பாத்து தரஞ் சொல்லுத ஆளு நான். இந்தப் பாட்டுக்கு ஒரு ஒத்த எலை வைக்கலாம். ஒரு மடிக் கொழுந்து தாங்காது."

அவர் சொன்னது சரி. அவர்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் காது இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். கடைசி அடிகள் இல்லாமல் அது வெறும் ஒற்றை இலைப் பாட்டுதான். பாதி பாடினால் அம்மா திருடி, முழுசும் பாடினால் அம்மா கங்காணியைப் பழித்தவள். வேறு வழி தெரியாமல் முழுசும் பாடினேன்.

"ஆரு கட்டுனது?" என்று கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள்.

"நாந்தான்" என்றேன் நான், அவளுக்கு முன்னால். "நானே கட்டுனேன்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"ஒம்பது வயசுக்கு இத்தனை வெசமா?" என்றார் அவர். சின்னப் பிள்ளையின் பேரை எந்தப் பட்டியலிலிருந்து வெட்டுவது? "செல்லத்தாயி, மலைக்குப் போ. ஆனா ஒண்ணு, இவ வளந்தப்பறம் என் மலையில கால் வைக்கப்படாது." திரும்பி நடந்தவர் நாலடி போய்க் குனிந்து கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் களம் முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலம் அம்மா என்னை அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அடுப்பு ஊதிக்கொண்டே, "பூசாரி அடியில இழுத்துட்ட. அங்க வெரசாப் போகணும்" என்றாள். அவ்வளவுதான்.

பாட்டு இரண்டு லயத்திலும் பரவி, அடுத்த எஸ்டேட்டுக்கும் போனது. "பாக்கியம் பாட்டு" என்றே பேராகிவிட்டது. அம்மாவின் முன்னாலேயே பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளி, இந்த வயசில் என்ன மூளை என்பார்கள். அம்மா சும்மா நிற்பாள். திருத்திச் சொன்னால் வீடு போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு விறகு பிளக்கும்போது அவள் உதடு அசையவில்லை.

பாட்டுக் கட்டுவதை அவள் விடவில்லை. மலையில், மூடுபனிக்குள், நிரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் மாதிரி ஒன்று கேட்கும். நான் கிட்டப் போனால் நின்றுவிடும். கூட வேலை செய்கிற ஒரு அத்தை ஒருமுறை கண்ணில் நீர் வரச் சிரித்தபடி வந்து, "இன்னைக்கு உங்கம்ம ஒண்ணு எடுத்துவிட்டா பாரு, சுத்தக் கொழுந்துட்டி" என்றாள். பாடிக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். "எம்மாடி, உங்கிட்டச் சொல்லப்படாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கா" என்று போய்விட்டாள். பயத்தினாலா, என் வாய் நிற்காது என்றா, இல்லை நான் எடுத்துக்கொண்டேன் என்றா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் இருந்தது. நான் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த வீம்பு எனக்கும் இருந்தது.

கங்காணி சொன்னபடியே நான் கொழுந்து கிள்ளப் போகவில்லை. பதினான்கு வயதில் கீழே இறங்கி, பட்டணத்தில் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் சேர்ந்தேன், அன்றிலிருந்து அடுப்புதான். அம்மா மலையிலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் பாட்டைக் கேட்ட பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாங்கள் இருந்த லயத்துக்கு இப்போது கூரை இல்லை, சுவருக்குள் காட்டுச் செடி நிற்கிறது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளில் நாகர்கோவில் பக்கத்து ஜெபா, எழுபது தாண்டிய என்னைப் பார்த்து, "அக்கா, சும்மா நிக்காதீங்க, நீங்களும் ஒண்ணு போடுங்க" என்றாள். என்னிடம் போட என்ன இருக்கிறது? வாயால்தான் பாடினேன். முடிந்ததும் மலையாளத்துப் பிள்ளை ஒருத்தி, "அடிபொளி!" என்று தொடையில் தட்டினாள். இன்னொருத்தி ஐந்துக்கு நாலு கொடுத்தாள். ஏன் ஒன்று குறைந்தது என்று கேட்டேன். பூசாரி வருகிற இடத்தில் கொஞ்சம் இழுக்கிறதாம். அந்தப் பிள்ளைக்கு நல்ல காது.

ஜெபா மறுபடி பாடச் சொல்லிப் போனில் பிடித்து, ஊர் பார்க்க ஏற்றிவிடப் போவதாகச் சொன்னாள். "எழுதுனது ஆரு அக்கா? பேரு போடணும்."

"செல்லத்தாய்னு போடு" என்றேன். அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, அதைச் சொல்ல.

நேற்று நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஜெபா ஓடிவந்து போனை நீட்டினாள். நான் கூட்டிக்கூட்டித்தான் வாசிப்பேன் என்பதால் அவளே படித்துக் காட்டினாள். யாரோ ஒருவர், எந்த ஊரோ, பாட்டுக்குக் கீழே கேட்டிருந்தார்: செல்லத்தாய் எழுதிய வேறு பாட்டு இருக்கிறதா?

"என்ன போடட்டும் அக்கா?"

"இருந்துச்சுன்னு போடு" என்றேன். ஜெபா என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே தட்டினாள்.