மண்ணுக்குள் போன நம்பர்

பிள்ளைகளே, நம் வீட்டில் கால் மடக்கிய நண்டு மாதிரி ஒரு ட்ரோன் கிடந்ததே, அதைத் தொட்டதற்கு உங்களை நான் அப்படித் திட்டினேனே, நினைவிருக்கும். கோபம் உங்கள் மேல் இல்லை. அது அப்போது நம்முடையதாகவே ஆகவில்லை. அந்தப் பயம்தான்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில், வானூர்ப் பக்கம் ட்ரோனில் வயலுக்கு மருந்தடிக்கும் ஓர் அண்ணனோடு போவேன். பயிற்சிக்குப் போய் ஓட்டுவதற்குச் சான்றிதழும் வாங்கினேன். போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அண்ணி ட்ரோனை எனக்கே விற்றார். வீட்டில் இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டேன்.

ஆள் ஏறாவிட்டாலும் சட்டப்படி அதுவும் விமானம்தான். அதற்கு எண் உண்டு, இன்னார் பேரில் என்று பதிவும் உண்டு. பேர் மாறாமல் பறக்கவிட்டால் பறிமுதல்கூட ஆகலாம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து நெல்லில் பூச்சி விழுந்தது. வானூர் விவசாயி ஒருவர் தினமும் கூப்பிடுவார்.

“ஏம்பா, வர்றியா இல்லியா? உனக்குப் பேரு மாறுற வரைக்கும் பூச்சி காத்துக்கினு இருக்குமா?”

பேர் மாற்றப் போனபோது மரக்காணம் பிரவுசிங் சென்டர் தம்பி எல்லாத் தாளையும் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

“பழைய ஓனர் நம்பருக்கு ஓடிபி போவுதுண்ணா. அந்த போன் யார்கிட்ட இருக்குது?”

அண்ணியிடம் ஓடினேன். அவர் தலை குனிந்தபடி சொன்னார்.

“அது அவரு கூடவே போயிடுச்சி தம்பி. எப்பவும் கையிலயே வெச்சிருப்பாரு, அது இல்லாம எப்படி இருப்பாருன்னு சட்டைப் பாக்கெட்ல வெச்சிப் பொதைச்சிட்டோம்.”

சென்டர் தம்பியிடம் வந்து சொன்னேன். “தோண்டிக் கீண்டி எடுத்துடாதீங்கண்ணா! வாரிசுச் சான்று காட்டி அண்ணி பேருக்கே அந்த நம்பர்ல புது சிம் வாங்கலாம்” என்றான்.

அதையும் போய்ச் சொன்னேன். அண்ணி தன் போனை எடுத்துக் காட்டினார்.

“தினம் ஒருவாட்டி அந்த நம்பருக்குப் போட்டுப் பாப்பேன். சுவிட்ச் ஆஃப்னு வரும். புது சிம் போட்டா அது என் கையிலயே இல்ல அடிக்கும்?”

மேலே கேட்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ட்ரோனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். விவசாயி வேறு ஆளைத் தேடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு காலை, பல் விளக்கும்போது என் போன் அடித்தது. திரையில் செத்துப்போன அண்ணனின் பேர். போனைக் கீழே போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“நான்தான் தம்பி. பயந்துட்டீங்களா? சிம் வாங்கிட்டேன். அவரு இருந்தா பூச்சி விழுந்த வயலை இப்பிடி விட்டிருப்பாரா? ஓடிபி அனுப்பச் சொல்லுங்க.”

அன்றே விண்ணப்பம் போயிற்று. சில நாளில் என் பேரில் பதிவு வந்தது. விவசாயியும் வேறு ஆள் கிடைக்காமல் என்னையே கூப்பிட்டார்.

புறப்படுமுன் ட்ரோன் பெட்டியைத் துடைத்தேன். பேட்டரிகளுக்கு அடியில் அண்ணனின் போன் சார்ஜர் கிடந்தது. வண்டியை உப்பளத்து ஓர இடுகாட்டுப் பக்கம் திருப்பினேன். யாரும் இல்லை. அவர் தலைமாட்டில் மண்ணைக் கிளறி, ஒயரைச் சுற்றி அதை உள்ளே வைத்து மூடினேன்.