அமானிதமாக வந்த லாவெண்டர்

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஸரீனா ராத்தாவின் துக்க காலமான இத்தா முடிந்தது. கணவர் மௌத்தான நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்தவர், முதலில் எங்கே வந்தார் தெரியுமா? என் வீட்டுக்கு! என்னைப் பார்க்க அல்ல... அவருடைய பூச்சாடியைப் பார்க்க.

சாடியை எடுக்கப் போகாமல், முதலில் அவரை உட்கார வைத்தேன்.

ராத்தாவின் கணவருக்குக் கல்முனைச் சந்தையில் மரக்கறி வியாபாரம். கரட் ஏற்ற நுவரெலியாவுக்குப் போனவர், ஒரு தடவை லாவெண்டர் கன்று ஒன்றோடு வந்து இறங்கினார். இந்தக் கடற்கரை வெயிலுக்கு இது நிற்குமா என்று எங்கள் ஒழுங்கை வீடுகளெல்லாம் சிரித்தன. நின்றது. பூக்கவும் செய்தது. அடுத்த மாதம் மனிதர் போய்விட்டார்.

இத்தா தொடங்கிய மூன்றாம் நாள், ராத்தா மதிலுக்கு மேலால் சாடியை நீட்டினார்.

"இத அமானிதமா வெச்சிரி புள்ள. இத்தா முடிய வந்து எடுக்கன்."

"ஏன் ராத்தா? பூமரம் வெச்சிருக்கக் கூடாதெண்டு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இத்தாவில வாசம் பூசத்தானே கூடாது. ஆனா இதத் தொட்டா கையெல்லாம் மணக்குது. தொடாம இரிக்கவும் ஏலாம இரிக்கி."

வாங்கிக்கொண்டேன். நம்பி ஒப்படைத்த பொருள் நகையென்றால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாம். உயிருள்ளதை எப்படிப் பூட்டுவது?

மாரி மழை தொடங்கியது. போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தேன். குளிர்காலத்தில் லாவெண்டரை மூடிப் பாதுகாக்க வேண்டும் என்றார் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நமக்கு மாரிதானே குளிர்காலம்? பெரிய பொலித்தீன் பையால் மூடி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவிழ்த்தால்... அடி இலையெல்லாம் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, மண் சேறாகிக் கிடக்கிறது! அந்தப் பெண்மணி சொன்னது பனி கொட்டும் ஊருக்கு. லாவெண்டர் ஓரளவு குளிரைத் தாங்கும். தேங்கி நிற்கும் ஈரத்தைத்தான் தாங்காது. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன் — வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுகிற புத்தி.

ஆற்று மணல் கலந்த மண்ணுக்கு மாற்றினேன். மழை படாமல், வெளிச்சமும் காற்றும் வருகிற முன் விறாந்தையில் வைத்தேன். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இனி வெட்ட வேண்டும். பச்சை இருக்கிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டுமாம். வெறும் கட்டையில் கத்தரி பட்டால் திரும்பத் துளிர்க்காதாம். தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு கொப்புக்கும் ஒரு பிஸ்மி சொல்லித்தான் வெட்டினேன்.

"எப்பிடி இரிக்கி புள்ள?" — மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தா நாள் தவறாமல் கேட்பார்.

"நல்லா இரிக்கி ராத்தா."

பொய். கிழமைக்கணக்காகப் பொய். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் செய்வதெல்லாம் இந்தப் பொலித்தீன் வேலைதான், இல்லையா? நல்ல மனதோடுதான் மூடுகிறோம்... மூச்சு முட்டுவது நமக்குத் தெரிவதில்லை.

இத்தா முடிந்த அந்த வெள்ளிக்கிழமை சாடியை எடுத்து வந்து ராத்தாவின் முன்னால் வைத்தேன். பாதி மரம்தான். வெட்டிய இடங்களுக்குக் கீழே மட்டும் சாம்பல் பச்சையில் தளிர் விட்டிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"மன்னிச்சிருங்க ராத்தா. அமானிதத்தப் பழுதாக்கிட்டன்."

ராத்தா தளிர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவர் இதுக்கு நாளைக்கு மூணு தரம் தண்ணி ஊத்தின மனிசன். அவர்ட கையில இரிந்திருந்தா இந்த மாரியோட முடிஞ்சிரிக்கும்!"

சிரித்தபடியே ஓர் இலையைக் கசக்கி, விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

பகல் சோறு ஆக்கி வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"பொறகு வாறன் புள்ள... இப்ப சாப்பிட்டா கை கழுவணுமே."