தக்காளி முளைத்த குப்பை

என் அண்ணி ரத்தீபாவின் நிலம் டெல்டாவுக்கு மேற்கே, பாலைவனத்தைத் திருத்தி உண்டாக்கியது. வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் அதோடு போய்விடும். அண்ணன் இறந்த பிறகு அவள் தனியாகவே பயிர் செய்தாள். இருந்த ஒரே எருமையின் சாணம் எந்த மூலைக்கும் போதவில்லை.

நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, என் லாரியை எடுக்கச் சொன்னாள். கொண்டுவந்து கொட்டினேன். பக்கத்து வயல்காரி உம் ஸலாமா, அதாவது ஸலாமாவின் அம்மா, முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி, நகரத்து கக்கூஸையே வயலுக்குக் கொண்டாந்துட்டியா?"

"வயல்லேர்ந்து போனதுதானேக்கா. திரும்பி வருது," என்றாள் அண்ணி.

நெல் வைக்கோலோடு கசடைக் கலந்து, நெஞ்சுயரத்துக்குக் குவித்தாள். நடுவில் ஓர் இரும்புக் கம்பி செருகினாள். மக்குகிற சூட்டில், அதை உருவினால் கை சுட வேண்டும். சூடு தணிந்தால் குவியலைப் புரட்டிப் போட வேண்டும். கோடை முழுக்க அதே வேலை. ஆகஸ்டில் நாற்றம் போய் மண்வாசம் வந்தது. கத்தரி நாற்றும் தயாராக இருந்தது.

அப்போதுதான் குவியலின் ஓரத்தில் தக்காளிச் செடிகள் முளைத்தன. எனக்குச் சந்தோஷம்.

"பாத்தீங்களா அண்ணி, விதைக்காமலே வந்திருக்கு."

அவள் முகம் மாறிவிட்டது.

"ஊரார் வயித்துல பூந்து, சாக்கடையில மெதந்து வந்த விதை இன்னும் உசுரோட இருக்கு சப்ரி. அப்ப கூட வந்த புழு முட்டை மட்டும் செத்திருக்குமா? ஓரத்துல சூடு ஏறலை, வேகலை."

"நாத்து காத்திருக்காதே அண்ணி."

"நாத்தை உம் ஸலாமாவுக்குக் குடுத்துடு."

செடிகளைப் பிடுங்கி எறிந்தாள். வெளிப்புறத்தை உள்ளே தள்ளி, ஈரம் தெளித்து, மறுபடி குவித்தாள். அந்தப் போகம் போயிற்று. வீட்டில் அவளோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

பிப்ரவரியில் புது நாற்று நட்டாள். அந்த எரு கத்தரிக்கு மட்டும்தான்; பச்சையாகத் தின்னும் கீரைப் பாத்திக்கு ஒரு கூடைகூடப் போட விடவில்லை. மே மாதம் காய்கள் கருகருவென்று தொங்கின. மணலைக் கிள்ளினால் விரலில் ஒட்டியது.

வியாபாரி வனீஸ் வந்தார். ஒரு காயை மோந்து பார்த்தார்.

"காய் அருமை. எருமைச் சாணத்துல விளைஞ்சதுன்னு சொல்லி வித்துடறேன்."

"அப்படின்னா தொடாதீங்க. எதுல விளைஞ்சதோ அதைச் சொல்லி வித்தா எடுங்க."

வனீஸ் வெறும் வண்டியோடு திரும்பினார். அண்ணி என்னை லாரியில் ஏறச் சொன்னாள். சந்தைக்கு நாங்களே கொண்டுபோனோம். கேட்டவர்களுக்கெல்லாம் கசடையும் கம்பிச் சூட்டையும் ஒளிக்காமல் சொன்னாள். சிலர் கையை உதறிக்கொண்டு நகர்ந்தார்கள். கத்தரி வறுத்து விற்கும் கடைக்காரர் ஒருவர் மட்டும் கம்பி எவ்வளவு சுட்டது என்று விசாரித்தார். பிறகு இரண்டு பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். அடுத்த வாரம் ஆறு கேட்டார்.

இப்போது அடுத்த குவியலில் கலக்கப் பருத்திக்கட்டை, சோளத்தட்டை என்று அவள் கேட்பதையெல்லாம் தேடி அலைவது என் வேலை.