மாட்டுக் கொட்டகைத் தகரம்

மழை ஒழுகாமல் இருக்க எங்கள் மாட்டுக் கொட்டகைக் கூரையில் அடித்திருந்த பழைய தகரத்தைச் சென்ற மாதம் இறக்கினார்கள். திருப்பிப் போட்டபோது அடியில் படம் தெரிந்தது. நாற்காலியில் ஒருவர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நாவிதர் நின்றபடி அவருக்குச் சவரம் செய்கிறார். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

எழுபதுகளில் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நாவிதர் கடை போட்டபோது வாசலில் மாட்டிய படம் அது. அதுவரை அவர்தான் வீடு வீடாக வருவார். எங்கள் வீட்டில் இந்தக் கொட்டகையைத் தாண்டி அவரை விட்டதில்லை. அப்பா கல்லின்மேல் உட்கார, அவர் சாணித் தரையில் குத்துக்காலிட்டுச் சவரம் செய்வார். கடை வந்ததும், "இனிக் கடைக்கே வந்துருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதுவே அப்பாவுக்குச் செரிக்கவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் இருந்தவருக்கு முறுக்கு மீசையும் காதில் கடுக்கனும். அப்பாவுக்கும் அப்படித்தான், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். சந்தையில் யாரோ அதைக் காட்டிச் சிரித்தார்களாம்.

"எங் கழுத்துல கத்திய வெச்சு ஊருக்கே காட்டறானா?" என்று அப்பா ஆட்களோடு கிளம்பினார். "அது யாரு மூஞ்சியும் இல்லீங்க. கோயமுத்தூருப் பெயிண்டரு காலண்டரப் பாத்து வரஞ்சதுங்க" என்று நாவிதர் கும்பிட்டுச் சொன்னாராம். கும்பிட்ட வலது கையைத்தான் முறித்தார்கள். தகரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அரிவாளை எடுத்து அந்த முகத்தைச் சுரண்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் பல்லைக் கூசவைக்கிறது.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். எங்கள் ஜனங்களின் மணவறையில் குடும்பத்து நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடியாக வேண்டும். பக்கத்து ஊர்களில் கேட்டார்கள். அவரைத் தாண்டி வர எவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவருக்கே ஆள் போனது. அவர் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தார். கோணலாகக் கூடியிருந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு, எங்கள் குலப் பெருமையைக் குரல் பிசகாமல் பாடினார். அப்பா மீசையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பெரிய மனசு என்று பெண்கள் நெகிழ்ந்து போனார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்து, போகும்போது அவரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரிய மனசெல்லாம் இல்லீங்க அம்மிணி. வரலீன்னா எம்பட பையன் கையையும் ஒடிப்போம்னாங்க."

அந்த வாழ்த்தோடுதான் நான் வாழப் போனேன். அவர் பிறகு கத்தியைத் தொடவே இல்லை. கடை இருந்த இடத்தில் தீவனக் கடை வந்தது. அப்பா வயதாகி, நிம்மதியாகத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கொட்டகையைப் புதுப்பிக்கும் தம்பி மகன் தகரத்தைத் துணியால் துடைத்தான். முகம் இருந்த இடத்தில் கீறலும் துருவும்தான். கத்தி பிடித்த கை மட்டும் ஒரு விரல்கூட மங்காமல் இருந்தது.

"ஏனுங்க அத்தை, யாருங்க இது?"

"மூஞ்சி யாரோடதும் இல்ல கண்ணு," என்றேன். "கை மட்டும் உங்க தாத்தா ஒடிச்சது."