கொழும்பில் விட்டுவந்த வியாதி

சூசைரட்ணத்துக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த ஊரில் பிடித்த வியாதியோ, அது அந்த ஊரோடு நிற்க வேண்டும். புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில் வேலை பார்க்கும் அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது மனுஷன் அசரவேயில்லை. கொழும்பு வெக்கை, கொழும்புப் புகை, கொழும்புக் கொத்து ரொட்டி எல்லாம் சேர்ந்து கொடுத்த பிரஷர்தானே, சொந்த ஊர் மலைக்கு ஏறினால் போய்விடும் என்று முடிவுகட்டினார். உயிர்த்த ஞாயிறுக்கு ஊருக்குப் புறப்பட்டபோது புதுச்சட்டை, சோப்பு, மனைவிக்குச் சேலை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தவர், டொக்டர் தினமும் விழுங்கச் சொன்ன பிரஷர் குளிசையை மட்டும் கடைத் தட்டிலேயே விட்டுவிட்டார். மறதி என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே விட்டார், மகராசன்!

வாலிப வயதில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போக மனமில்லாமல் ரயிலேறியவர் அவர். முதலில் மூட்டை தூக்கினார். வயது ஏறியதும் முதலாளி தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அன்றோடு கைகாலுக்கு ஓய்வு, வயிற்றுக்கு மட்டும் வேலை. மனைவி றோசலின் நோர்வூட்டுக்கு மேலே தோட்டத்திலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் தோட்டம் கொடுத்த வரிசை வீடு, அந்த லயத்துக் காம்பரா, கையில் நிற்கும். அதனால் அவள் மேலே, இவர் கீழே. பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் குடும்பம். "நீயாவது நல்ல காத்துல இருக்கியே புள்ள" என்று போனில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு ஒரு நிம்மதி.

பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு ஏறும் மேட்டில் மூச்சு இரைத்தது. ரோஷக்காரர் உட்காருவாரா? தேயிலையையே கண்டிராத வெள்ளைக்காரன் மாதிரி இடுப்பில் கைவைத்து மலையை ரசித்தார். நாலடி ஏறுவார், மறுபடி ரசிப்பார். கூட்டிப்போக வந்திருந்த றோசலின், அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, குளிசை போட்டீங்களா?"

"அது கொழும்பு வியாதிக்குப் புள்ள. இங்க எதுக்கு?"

"எங்க வச்சிருக்கீங்க?"

"கடையில."

றோசலின் பையைத் தொப்பென்று கீழே வைத்தாள். "ஏன், பிரஷருக்கு ரயில்ல எடம் கெடைக்கலையா? கோட்டை ஸ்டேஷன்லயே நின்னு ஒங்களுக்குக் கையாட்டுச்சாக்கும்! ஐயோ மாதாவே, இந்த மனுஷனுக்கு எப்பத்தான் புத்தி வரும்?"

திட்டினாலும் அவளுக்குப் பயம்தான். பக்கத்து லயத்து சோலைமலையும் இப்படித்தான், கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்தவர், வந்த மறுநாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தவள் றோசலின்தான். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நர்ஸ் மிஸ்ஸி நடத்தும் கிளினிக். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் என்பதால் அங்கே இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். அதிலொன்றில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டமாட்டேன் என்று அடம்பிடித்தார் சூசைரட்ணம்.

"அண்ணனுக்கு ஊசின்னா பயம்!" என்று வரிசையில் நின்ற பேச்சியம்மா சிரித்தாள்.

"பயமாவது! மொதல்ல இவள பாருங்க மிஸ்ஸி. நாள்பூரா மலை ஏறி எறங்குற ஒடம்பு எப்பிடி இருக்கும்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும். பொறகு நான் நீட்டுறேன்."

அவரைக் கை நீட்டவைக்க வேறு வழி தெரியாமல் றோசலின் தன் ஒல்லிக் கையை நீட்டினாள். மிஸ்ஸி பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றி அமுக்கினாள், பார்த்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு சூசைரட்ணத்தின் கையை எடுத்தாள்.

"ஐயாவுக்குப் பிரஷர் கூட," என்றாள் சிங்களம் கலந்த தமிழில். "அக்காவுக்கு அதவிட ரொம்பக் கூட."

"மெஷின் பழுது மிஸ்ஸி!" சூசைரட்ணம் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

என்ன சாப்பாடு என்று மிஸ்ஸி கேட்டாள். ரொட்டி, சம்பல், கருவாடு. உப்பு? "கறி இல்லாத நாளைக்கு உப்புதானே மிஸ்ஸி கறி" என்றாள் றோசலின். தலை சுற்றுமா என்று கேட்டதும் குனிந்துகொண்டாள்.

"போன வருஷத்துல இருந்து சுத்துது. செடியப் புடிச்சிக்கிட்டு கொஞ்சம் நின்னா சரியாப் போயிரும்."

சூசைரட்ணம் சட்டென்று எழுந்தார். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. பிள்ளைக்காம்பரா முழுக்கச் சிரித்தது. அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவீங்கன்னுதான்."

ஆளுக்கொரு குளிசைப் பொட்டலத்தோடு திரும்பும்போது பாதி மேட்டில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. இந்தமுறை அவர் ரோஷம் பார்க்காமல் கல்லில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு ஒன்னும் வராதுன்னு நெனச்சித்தான் புள்ள அங்க நிம்மதியா தூங்குனேன்."

"மேல இருந்தாலும் வருது, கீழ இருந்தாலும் வருது. அப்புறம் என்னாத்துக்குங்க நாம ஆளுக்கொரு ஊருல கெடக்கோம்?"

அவர் மேலே தெரிந்த லயத்தைக் காட்டினார். "அந்தக் காம்பரா கைய விட்டுப் போயிறக்கூடாதுன்னுதானே."

"காம்பரா நல்லாத்தான் இருக்கு," என்றாள் றோசலின். "நாமதான் இல்ல."