கேப்டனுக்கு மேக்கப் வேண்டாம்

அந்த விளையாட்டுச் சேனலில் பத்தொன்பது வருஷமாக மேக்கப் போடுகிறவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவள் மேக்கப் அக்கா. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளைய தயாரிப்பாளர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள். முன்பு மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தவள். மகள் பிறந்த பிறகு, மாதாமாதம் நம்பியிருக்க ஒரு வேலை வேண்டுமென்று இங்கே வந்து சேர்ந்தாள். மாடிப்படிக்கு அடியில் அவள் அறை. இரண்டு சுழல் நாற்காலிகள், விளக்கு பதித்த கண்ணாடி, சுவரில் சின்ன டிவி.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால்பந்து அரட்டை நேரலையில் போகும். அதன் நிரந்தர விருந்தாளி கேப்டன். முப்பது வருஷத்துக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பெனால்டியைப் பாய்ந்து பிடித்த கோல்கீப்பர். அப்போது ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கோல் கம்பத்தில் மோதியதில் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. பதினொரு வருஷமாக அதை மறைப்பது அவள் வேலை.

“இதை மட்டும் விட்டுடும்மா. நான் சம்பாதிச்சது இது ஒண்ணுதான்” என்பார் கண்ணை மூடிக்கொண்டு. தினமும் அதே ஜோக்குதான். அவளும் தினமும் சிரிப்பாள். சொன்னதையே சொல்கிற மனிதர் என்பதால், வித்தியாசம் அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

ஒருநாள் கேட்டார், “பொண்ணுக்குப் பரீட்சை எப்படிப் போச்சு?”

“நல்லா எழுதியிருக்கா கேப்டன்.”

பவுடர் போட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை கேட்டார். அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் அவள் நெற்றியில் ஸ்பாஞ்சை வைத்ததும் கண்ணைத் திறந்து, “புதுசா வந்திருக்கியாம்மா? பழைய பொண்ணு எங்க போயிடுச்சு?” என்றார். “லீவுல போயிருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே நேரலையில், ஓர் இளம் ஆட்டக்காரனை, இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் கூட்டாளியின் பெயரால் கூப்பிட்டு, “டேய், முட்டி சரியாயிடுச்சா?” என்று விசாரித்தார். தொகுப்பாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மறுநாள் காலை இருபது லட்சம் பேர் அந்த வீடியோத் துணுக்கைப் பார்த்திருந்தார்கள். அவள் மகளே போனை நீட்டினாள். “அம்மா, உங்க கேப்டன் செம காமெடி!”

தயாரிப்பாளர் அதை வாராவாரம் வரும் அங்கமாகவே ஆக்கிவிட்டார். ஒரு படத்தைக் காட்டுவார்கள். யார் என்று கேப்டன் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவருடைய சொந்தப் படத்தையே காட்டினார்கள், இருபத்தைந்து வயதில் எடுத்தது. உற்றுப் பார்த்தார். “இவன் தேறமாட்டான். பந்து வர்றதுக்கு முன்னாடியே விழுந்துடுவான்.” அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கேப்டனும் கூடச் சிரித்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு நல்லாப் போச்சில்லம்மா?” என்றார்.

“ரொம்ப நல்லாப் போச்சு” என்று முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. தயாரிப்பாளரிடம் போனாள். “சார், அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. விளையாட்டில்ல.”

“தெரியும்க்கா. பத்து வருஷமா அந்த மனுஷனை யாரு சீந்தினா? இப்பதான் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருக்கிறது வேற, சிரிக்கிறது வேற சார்.”

“நீங்க மூஞ்சியைப் பாத்துக்கங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.”

கேப்டனின் மனைவிக்குப் போன் செய்தாள். “டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சும்மா. வீட்ல இருந்தா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கார் வந்து நின்னா மட்டும்தான் எழுந்து சட்டை மாத்தறாரு. அதையும் நிறுத்தச் சொல்றியா?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கேப்டன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். “என் கிளவுஸ் எங்க? இருட்டா இருக்கே, எப்படிப் பந்தைப் பாக்கறது?” அவள் கதவைத் தாழிட்டாள். பாதி போட்டிருந்த மேக்கப்பை மளமளவென்று துடைத்தாள். தயாரிப்பாளர் கதவைத் தட்டியபோது, “தோலெல்லாம் தடிச்சுப்போச்சு சார், பவுடரே படக்கூடாது. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அவள் தாழைத் திறந்ததும் தயாரிப்பாளர் உள்ளே வந்து கேப்டனைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், தொங்கிய கன்னம், வெளுத்த தழும்பு. “அட, இப்படியே வரட்டுமே” என்றார்.

சின்ன டிவியில் அவள் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகம் பயந்துபோன குழந்தையின் முகமாக இருந்தது. கேமரா அதைவிட்டு நகரவே இல்லை. அந்தத் துணுக்கை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் அவள் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில், கேப்டனுக்கு மேக்கப் வேண்டாம் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவர் அந்த அறைக்கு வருவதில்லை. வாசலைக் கடந்து போகும்போது அவள் கூப்பிட்டால் யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நடந்தார். தான் அன்றைக்குத் துடைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் விடவில்லை.

நாலு மாதம் கழித்து நேரலையின் நடுவே கேப்டன் எழுந்து கேமராவுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக் குனிந்து நின்றார். யார் கூப்பிட்டும் நகரவில்லை. விளம்பரம் போட்டார்கள். அதன்பிறகு அவர் வரவே இல்லை. மனைவியால் சமாளிக்க முடியாமல் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டதாகச் சேதி வந்தது.

சேனல் அவருக்கு ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி நடத்தியது. அன்றைக்குத் தொகுப்பாளர் சீக்கிரமே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“அக்கா, கடைசியில நான் கொஞ்சம் கலங்குவேன். கண்ணீர் பட்டா கலையாத மாதிரி போடுங்க.”

அவள் போட்டாள். கன்னத்தில் இரண்டு பூச்சு கூடுதலாக வைத்துக் காய விட்டாள். நிகழ்ச்சியின் முடிவில் தொகுப்பாளரின் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு தாடைவரை வந்தது. பவுடர் இம்மியும் கலையவில்லை.

தயாரிப்பாளர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “சூப்பர்க்கா. நான் இங்க வந்ததிலேருந்து உங்ககிட்ட இப்படி ஒரு வேலை பாத்ததில்ல.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு, பிரஷ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.